நடுவயதினர்க்கும் பாட்டு உண்டு

மெல்லிசை இளைஞர்க்கே உரியது என்பார் உளர். நான் அதற்கு உடன்படேன். ஜப்பான் நாட்டைப் பாருங்கள். பெயர் வெளியே தெரியாத பொறியாளர், தொழிலாளர் பற்றிய ‘புராஜெக்ட் எக்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடருக்காக, நகஜிமா மியுகி எழுதிப் பாடிய ‘மண்ணுலக விண்மீன்கள்’ என்ற பாடல் 2000இல் வெளிவந்தது. 2002 டிசம்பர் 31 அன்று, தம் 50ஆம் வயதில், குரோபே நீர்மின் நிலையச் சுரங்கத்தில் நின்று அதனைப் பாடினார். 2003 ஜனவரியில் அப்பாடல் விற்பனையில் முதலிடம் பெற்றது.

காரணம் என்ன? அது வெற்றியை வாக்களிக்கவில்லை. புகழ் காணாத உழைப்பையும் ஒளி என்கிறது. இருபது வயதுக்குக் கனவு போதும். ஐம்பது வயதுக்கோ, தான் பட்ட பாட்டைப் பிறர் அறிந்தனர் என்னும் ஆறுதல் வேண்டும். அதைத் தரும் பாட்டை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுவது அறமாகாது.