25 மதிப்பெண்ணும் ஓர் ஏரியும்

கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால் அறிவிப்புப் பலகைகளெல்லாம் பச்சை நிறம் பூண்டுவிடுகின்றன. வாசகப் போட்டி, சுவரொட்டிப் போட்டி, பேச்சுப் போட்டி, மரம் நடு விழா, உறுதிமொழி ஏற்பு என்று உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி நிகழ்வுகள் வரிசையாக நடந்தேறுகின்றன. அண்மை ஆண்டுகளில் இணையவழிக் கருத்தரங்குகளும் அவற்றின் மின்சான்றிதழ்களும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. சுற்றுச்சூழல் பயிலும் மாணவருக்கு வாய்ப்பே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆயினும், மூன்றாண்டுப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவரிடம், ‘உங்கள் ஊர் ஏரியில் கார்த்திகையில் என்னென்ன பறவைகள் இருந்தன? சித்திரையில் எவை எஞ்சின?’ என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. இந்தக் குறையைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

சட்டத்தின் பக்கம் பெரிய குறையில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று பணித்தது. 2003இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்ட வகுப்புகளுக்கும் ஆறு மாதப் பாடமொன்றை வகுத்தளித்தது. 8 அலகுகள், 50 வகுப்புகள் கொண்ட அப்பாடத்தின் கடைசி அலகு களப்பணி. ஆறு, காடு, குன்று போன்ற உள்ளூர்ச் செல்வங்களைப் பதிவுசெய்தல், மாசடைந்த ஓரிடத்தை நேரில் காணல், செடி, பூச்சி, பறவைகளை அறிதல், குளம் போன்ற எளிய சூழல் அமைப்பை ஆராய்தல் ஆகியவை அதில் அடங்கும். 100 மதிப்பெண்ணில் 25 இதற்கு உரியது. ஒதுக்கப்பட்ட நேரமோ 5 வகுப்புகளுக்கு இணையானது.

நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு நேரம்! அதுவாவது கிடைத்ததா? பல கல்லூரிகளில் நாம் கண்டது வேறு. ஒருநாள் பேருந்துப் பயணம், ஒரு குழுப் புகைப்படம், மூத்த மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிய பதிவேடு. இதற்காக ஆசிரியர்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. நூறு பேரை ஒரே நாளில் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லும்படி எவரைப் பணித்தாலும் நிகழக்கூடியது இதுதான்.

களப்பணி என்றால் என்ன என்பதை மாணவர்களே காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று சென்னையில் இருக்கிறது. 1988இல் மாணவர்கள் சிலர் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் கடற்கரையில் நடந்து வருகின்றனர். ஆமை இட்ட முட்டைகளை எடுத்துக் காப்பிடத்தில் புதைத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகின்றனர். கரையொதுங்கிய இறந்த ஆமைகளையும் கணக்கெடுக்கின்றனர். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அது வழக்கத்துக்கு மாறான பேரிழப்பு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததனாலன்றோ அது இயன்றது? ஒருநாள் மட்டும் கடற்கரைக்குப் போய்க் குப்பை பொறுக்கித் திரும்பியவரால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

எல்லா ஊர்களிலும் கடல் இல்லைதான். ஆனால் ஏரி இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பட்ட தமிழக ஈரநிலங்களில் வடுவூர், கரைவெட்டி, சித்திரங்குடி போன்ற பாசன ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. மன்னார்குடியிலோ தஞ்சையிலோ படிக்கும் மாணவருக்கு வடுவூர் ஏரி உள்ளூர்ப் பேருந்தில் சென்றுவரும் தொலைவுதான். 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளப் பதிவுக் கட்டணமோ பரிந்துரைக் கடிதமோ வேண்டியதில்லை. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதைக் கண்டவாறு எண்ணிப் பதிவுசெய்தால் போதும். பிப்ரவரியில் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்புக்குக் கல்லூரியை விட்டு வெளியே வரக்கூடத் தேவையில்லை.

இவற்றுக்கு மேற்பட்ட படிகளும் உண்டு. கேம்பிரிட்ஜில் 2000இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்பு அறிவியலுக்கான மாணவர் மாநாடு, 2010இல் பெங்களூருக்கும் வந்தது. ஆய்வு மாணவர்கள் தம் பணியை மூத்த அறிஞர்கள்முன் வைத்து விவாதிக்கும் அரிய மேடை அது. ஆனால் அதன் மொழி ஆங்கிலம். அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் ஒரு பெண்ணுக்கு அந்த மேடை தொலைவிலேயே நின்றுவிடுகிறது. அவளுக்கு ஏரியைத் தெரியும், மடையைத் தெரியும், எந்தப் பூச்சி வந்தால் மழை வருமென்று அவள் பாட்டிக்குத் தெரியும். அந்த அறிவு பாடமாகவும் மதிப்பெண்ணாகவும் மாறும் இடம்தான் இல்லை.

இலக்கியம் பேசுவோருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். இருக்கிறது. ‘பங்குனி ஆமை’ என்னும் பெயரிலேயே ஒரு பருவக் குறிப்பு அடங்கியிருக்கிறது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான் என்ற பெயர்களைச் சூட்டியவர்கள் அவ்வுயிர்களை நெடுநாள் நின்று நோக்கியவர்கள். அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறுதிவரை எழுதிய பத்தி புகழ்பெற்றது. அவர் தமிழிலும் இயற்கையைப் பற்றி எழுதினார். அணிலும் காகமும்கூட அவருக்குப் போதிய பொருளாயின. கூர்ந்து நோக்கலும் சொல்லைத் தேர்தலும் அவரிடம் வெவ்வேறு செயல்களாக இருக்கவில்லை. பார்த்ததைப் பிழையின்றித் தமிழில் எழுதும் பயிற்சி, சூழலியலுக்கும் மொழிக்கும் ஒருசேரப் பயன் தருவது.

‘இதனால் வேலை கிடைக்குமா?’ என்பது மாணவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. அதற்கு விடையாக ஒன்றைச் சுட்டுவோம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடைபெறும் திட்டங்களுக்கு அறிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் அளிக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலான திட்டங்களுக்குப் பருவமழைக் காலம் நீங்கலான ஒரு பருவத்துத் தரவு போதுமென்று கொள்ளப்படுகிறது. கோடையில் எடுத்த அத்தகைய கணக்கில், வற்றிக் கிடக்கும் ஏரி ஏரியாகவே தோன்றாது. மார்கழியில் வந்திறங்கிய வாத்துகளும் உள்ளான்களும் பட்டியலில் இரா. அந்தக் கூட்டத்தில் எழுந்து, ‘இதோ எங்கள் ஏரியின் மூன்றாண்டுக் குறிப்பு’ என்று எடுத்துவைக்கக்கூடியவர் யார்? பக்கத்துக் கல்லூரி மாணவரல்லவா? மதிப்பீட்டு நிறுவனங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் ஆய்வு நிலையங்களிலும் வேண்டப்படும் திறனும் அடிப்படையில் இதுவே.

ஆகவே நாம் முன்வைப்பது எளிய கோரிக்கைதான். அந்த 25 மதிப்பெண்ணை ஒருநாள் பயணத்துக்கு அளிக்காமல், ஓர் ஏரியையோ ஓடையையோ வளாகத்து மரத்தையோ மாதம் இருமுறை வீதம் ஆறு மாதம் பார்த்து எழுதிய குறிப்பேட்டுக்கு அளிக்க வேண்டும். ஐந்தைந்து பேராகப் பிரிந்து செல்லட்டும். தொலைவுக்குப் போக இயலாதவர்களும் வீட்டில் இசைவு கிடைக்காத மாணவியரும் வளாகத்தையே களமாகக் கொள்ளலாம். குறிப்பேடு தமிழிலேயே இருக்கட்டும். முக்கியமாக, ஆண்டு முடிந்ததும் அதைப் பழைய தாள் வியாபாரியிடம் போடாமல் துறை நூலகத்தில் வைத்து, அடுத்த அணியிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்து வருபவர் மூத்த மாணவரின் குறிப்பைப் பார்த்து எழுதுவதற்கு மாறாக, அதன் தொடர்ச்சியை எழுதுவார். பத்தாண்டு இப்படிச் சேர்ந்தால் அந்த ஏரியின் வரலாறு வேறெங்கும் இல்லாத அளவுக்கு அக்கல்லூரியில் இருக்கும்.

இதற்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. வாசகப் போட்டிகளும் நடக்கட்டும். அவற்றின்மேல் நமக்குப் பகையில்லை. வரும் ஐப்பசியில் மழை தொடங்கி ஏரிகள் நிறையும். அதற்கு முன் ஏதேனும் ஒரு கல்லூரியில் ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவரும் ஒரு குறிப்பேட்டை வாங்கி முதல் பக்கத்தில் தேதியை எழுதிவிட்டால், அதுவே நல்ல தொடக்கம்.