உள்ளங்கையில் ஒரு பாடசாலை

ஹெலன் கெல்லர் என்னும் பெயரைக் கேட்டிராத நேயர்கள் இருக்கமாட்டார்கள். கண்ணும் செவியும் இழந்த நிலையிலும் சர்வகலாசாலைப் பட்டம் பெற்று, நூல்கள் இயற்றி, பல தேசங்களில் சஞ்சாரம் செய்த மாதரசி அவர். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், நம்மில் பலர் சற்று விழிக்க வேண்டித்தான் இருக்கிறது. சிஷ்யர் புகழ் பெற்றதும் குருவை மறப்பது உலக வழக்கம். இந்த வாரம் அவ்வழக்கத்தை மீறிக் குருவின் கதையைச் சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

ஆன் ஸல்லிவன் 1866-ஆம் வருஷம், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பிராயத்திலேயே கண்ணோய் கண்டு பார்வை மங்கிற்று. எட்டு வயதில் தாயை இழந்தார். 1876-இல் இவரையும் தம்பி ஜிம்மியையும் ட்யூக்ஸ்பரி என்ற ஊரிலிருந்த தர்ம விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். சில மாதங்களுக்குள் தம்பியும் இறந்தான். அந்த விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரிகளிடம், "நான் பள்ளிக்கூடம் போகவேண்டும்" என்று அந்தப் பெண் கதறியதாகச் சொல்வார்கள். 1880-இல் பாஸ்டன் நகரத்துப் பெர்கின்ஸ் அந்தகர் பாடசாலையில் அவர் சேர்ந்தபோது வயது பதினாலு. எழுத்து வாசனையே கிடையாது. ஆறு வருஷங்களில் வகுப்புக்கு முதல்வராகத் தேறினார். சிகிச்சையினால் பார்வையும் ஓரளவு திரும்பிற்று.

1887 மார்ச்சு 3-ஆம் தேதி, அலபாமா மாகாணத்து டஸ்கம்பியா என்ற சிற்றூரில் கெல்லர் வீட்டு வாசலில் வந்து இறங்கினார் இந்த இருபது வயது உபாத்தியாயினி. ஹெலனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. பத்தொன்பதாம் மாதத்தில் வந்த ஒரு நோய் அவளுடைய பார்வையையும் கேள்வியையும் கொண்டுபோய்விட்டது. பரிதாபத்தினால் பெற்றோர் கொடுத்த செல்லத்துக்கு அளவில்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லோருடைய தட்டிலும் கைவிட்டு அள்ளுவாள், தடுத்தால் உதைப்பாள். ஆன் ஆரம்பத்தில் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று, தன் தட்டிலிருந்து கரண்டியால் சாப்பிடுவது. கதவைத் தாளிட்டுக்கொண்டு நடந்த அந்தப் போராட்டத்தில் குழந்தையின் தகப்பனாரே மனம் பொறாமல் தவித்தார். இரக்கம் வேறு, அன்பு வேறு என்பதை அந்த இளம் பெண் எங்ஙனம் அறிந்திருந்தாள்? ட்யூக்ஸ்பரிதான் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்.

பெர்கின்ஸ் பாடசாலையில், கண்ணும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற மாதிடமிருந்து ஆன் விரலெழுத்துக்களைக் கற்றிருந்தார். அந்த எழுத்துக்களை ஹெலனுடைய உள்ளங்கையில் கூட்டிக்கொண்டே இருந்தார். குழந்தையும் விளையாட்டாகத் திருப்பிச் செய்தது, பொருள்தான் விளங்கவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி, கோபத்தில் புதுப் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தாள் ஹெலன். ஆன் ஒன்றும் சொல்லாமல் அவளைத் தண்ணீர்ப் பம்புக்கு அழைத்துச் சென்று, ஒரு கையில் நீர் கொட்ட, மறு கையில் 'தண்ணீர்' என்ற சொல்லை எழுதினார். அந்தக் கணத்தில் உள்ளே ஏதோ திறந்துகொண்டது. சில மணி நேரத்தில் முப்பது சொற்கள் கற்றாள். வீட்டுக்குத் திரும்பியவள் உடைந்த பொம்மையைத் தேடி எடுத்து ஒட்டவைக்கப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். பாஷை பிறந்த அன்றே பச்சாதாபமும் பிறந்தது!

பம்பின் கதையை எல்லோரும் சொல்வார்கள். உபாத்தியாயர்களாகிய நம்மைக் கவர்வது அதற்குப் பின் நடந்ததுதான். ஒரு நாள் ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்றை ஆன் கவனித்தார். பேச வராத அக்குழந்தை பெரியவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்கிறது! அதற்கு யாரும் மணி அடித்துப் பாடம் நடத்தவில்லையே! அன்றே கால அட்டவணையைக் கைவிட்டார். பிறர் குழந்தையின் காதில் பேசுவது போலவே, ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகப் பேசலானார். பூகோளம் நதிக்கரையில் நடந்தது. ஹெலன் அணை கட்டி, தீவும் ஏரியும் அமைத்துப் படித்தாள்.

இதை எழுதும்போது ஒரு பழைய குற்றம் நினைவுக்கு வருகிறது. நம் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன் இருந்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டான். மந்தன் என்று முடிவு கட்டி, பலமுறை நிற்க வைத்தோம். அவனுக்கு ஒரு காது கேட்கவில்லை என்பது வருஷக் கடைசியில்தான் தெரிந்தது. முன் பெஞ்சிக்கு மாற்றியபின் அவன் சொன்ன முதல் சரியான விடை, நமக்குக் கிடைத்த தண்டனை.

ஹெலன் ராட்கிளிஃப் கலாசாலையில் படித்த வருஷங்களில், ஆன் பக்கத்தில் அமர்ந்து பிரசங்கங்களைக் கையில் எழுதினார். புடைப்பெழுத்தில் இல்லாத புத்தகங்களையெல்லாம் தம் நோயுற்ற கண்களால் வாசித்துச் சொன்னார். 1904-இல் பட்டம் ஹெலனுக்குக் கிடைத்தது. உடன் படித்தவருக்குக் கிடைத்தது கண் வலி. கடைசிக் காலத்தில் அவரும் பார்வையை இழந்தார். 1936 அக்டோபர் 20-ஆம் தேதி ஆன் காலமானபோது, குருவும் சிஷ்யையும் சேர்ந்து வாழ்ந்த வருஷங்கள் நாற்பத்தொன்பது. ஹெலன் 1955-இல் வெளியிட்ட குருவின் சரித்திரத்துக்கு 'டீச்சர்' என்றே பெயரிட்டார். 1968-இல் ஹெலனும் மறைந்தபின், வாஷிங்டன் தேவாலயத்தில் இருவருடைய அஸ்தியும் அருகருகே வைக்கப்பட்டது.

நம் தேசத்தில் 2016-ஆம் வருஷத்துச் சட்டம், அங்கக் குறை மிகுந்த குழந்தைகளுக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அளித்திருக்கிறது. கண்ணும் செவியும் ஒருங்கே இழந்தவர்களையும் அது மறக்கவில்லை. சட்டம் கதவைத் திறக்கும். கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். அப்படி அழைத்துச் செல்லும் சிறப்புப் பள்ளி உபாத்தியாயர்கள் நம் ஊர்களில் சந்தடியின்றி உழைத்து வருகிறார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவரைக் காணும்போது, நேயர்கள் நின்று ஒரு வணக்கம் சொல்வார்களாக. நாமும் சொல்வோம், நமக்குக் கடன் கொஞ்சம் அதிகம்.