அப்பாவின் பொட்டாசியம் ஸ்கோர்

ஆபீஸில் யாருக்காவது தலை சுற்றினால், பக்கத்து ஸீட்காரர் டாக்டராகிவிடுவார். 'எலக்ட்ரோலைட் குறைஞ்சிருக்கும் சார், ஒரு எளநி அடிங்க!' இருபத்தைந்து வயசுக்கு ஓகே. அதே வைத்தியத்தை வீட்டில் எழுபது வயசு அப்பாவுக்குச் செய்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். ஜோராகத் துடித்தது. கரைசல், காய்ச்சி வடித்த நீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் கலந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சுத்த நீரில் கலந்தால் இதயம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம். ஆஸ்பத்திரியில் 'ரிங்கர் லாக்டேட்' ஏற்றுகிறார்களே, அது இவர் பெயர்தான்.

கால்சியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் செல்லுக்கு உள்ளே வெளியே போய் வருவதில்தான் இதயத்தின் கரண்ட் இருக்கிறது. இதில் பொட்டாசியம் ரொம்பக் கறார் பேர்வழி. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்வரை இருக்கலாம். ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் இதயம் தாளம் தப்பும். சமயத்தில் நின்றே போகும்.

இந்த வரவு செலவைப் பார்க்கும் கணக்குப்பிள்ளை, கிட்னி. வயசானால் அவருக்கும் தளர்ச்சி. போதாததற்கு மாத்திரைகள். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூஸ்மைடு, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் வகையறா உள்ளேயே நிறுத்தி வைக்கும். பின்னதைச் சாப்பிடுகிறவர், கிட்னியும் சுமார் என்றால், பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினம் குடிப்பது வம்பு.

'லோ சோடியம்' உப்பும் அப்படித்தான். பலவற்றில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு உட்கார்ந்திருக்கும். 2021-ல் வெளியான சீன கிராமத்து ஆய்வில், இருபதாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். இந்த மாதிரி உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது, நிஜம். ஆனால் கடுமையான கிட்னிக் கோளாறு உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை.

அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, 'ஸீரம் எலக்ட்ரோலைட்ஸ், கிரியேட்டினின் பார்க்கணுமா?' என்று கேளுங்கள். மாத்திரை மாறினாலும், வாந்தி பேதி வந்தாலும் கட்டாயம் கேளுங்கள். திடீர்ப் படபடப்பு, மயக்கம் என்றால் இளநீர்க் கடைக்கு ஓடாமல் ஈ.ஸி.ஜி. எடுக்க ஓடுங்கள்.

கிரிக்கெட் ஸ்கோரைப் பந்துக்குப் பந்து சொல்கிறீர்கள். அப்பாவின் பொட்டாசியம் எவ்வளவு, சொல்லுங்கள் பார்ப்போம்?