ரோட்டடி ஊரும் உள்ளடங்கிய ஊரும்

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியது மதுரையில்தான். திருச்சுழியில் 1879இல் பிறந்து பின்னாளில் ரமண மகரிஷியான வேங்கடராமனும் தொடக்கப் படிப்பு முடிந்ததும் திண்டுக்கல், மதுரை என்றுதான் போனார். சங்கமோ பள்ளிக்கூடமோ, வேண்டுமென்றால் இந்தக் கரிசல் ஊர்களைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். இன்று கிளம்பியவர் சாயங்காலமே வீடு திரும்பிவிடலாம். எல்லா ஊரிலும் அது முடியாது.

கிராமமா நகரமா என்று பட்டிமன்றம் நடத்துபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பாலவனத்தம் விருதுநகர் – அருப்புக்கோட்டை சாலையில் இருக்கிறது. மில்லுக்கோ கல்லூரிக்கோ போய்வந்து சொந்த வீட்டில் படுக்கலாம். சென்னைக்குப் போனால் சம்பளம் கூடும். பல மாத வாடகை அட்வான்ஸும் கூடவே வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்கிறார்களே, அதுகூட சப்-மீட்டர் வைத்த வீட்டுக்காரரைத் தாண்டி வாடகைக்காரருக்கு வருவது அபூர்வம். கணக்குப் பார்த்தால் ரோட்டடி ஊர்தான் லாபம். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் அதே கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அருமையான திட்டம், சந்தேகமில்லை. ஆனால் பஸ் வர வேண்டுமே! நாளுக்கு இரண்டு மூன்று நடைதான் என்றால், காலை நடையை விட்டவளுக்கு அன்றைய கூலி போச்சு. ஷேர் ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டுக்கு வந்தால் நிற்பது புறநகர் பஸ். அதில் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். மருத்துவமும் அப்படித்தான். அரசுத் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் பஸ் பிடித்துப் போய் ஒரு ஸ்கேன் எடுக்க முழு நாள் போய்விடுகிறது.

தண்ணீர் கதை இன்னும் மோசம். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு அரசு வைத்த அளவு 135, பெருநகரத்துக்கு 150. சாக்கடையைக் காரணம் சொல்வார்கள். கிராமத்து வீடுகளிலும்தான் இப்போது கக்கூஸ் கட்டியாகிவிட்டது. அதில் காற்றையா ஊற்றுவது? 55 லிட்டர் என்றால் நாலு குடம்கூட முழுசாக இல்லை. போர் போட்டால் பல இடங்களில் உவர்; துணி துவைக்க, பாத்திரம் கழுவ ஆகும், உலை வைக்க ஆகாது. நல்லதண்ணி குடத்துக்கு இவ்வளவு என்று வண்டியில் வருகிறது. வண்டி வரும் நேரம் வண்டிக்காரர் விருப்பம். ஹாரன் கேட்டதும் குடங்களோடு ஓடிவர வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அநேகமாகப் பெண்தான். அவள் விட்ட கூலியைத் தண்ணீர்க் காசோடு சேர்த்தால், கேன் தண்ணீர் வாங்கும் பட்டணத்துக்காரர் கொடுத்துவைத்தவர்.

மறுபடி பஸ்ஸுக்கே வருவோம். இப்படி உள்ளடங்கிய ஊர்களை இணைக்கத்தான் 1997இல் மினி பஸ் வந்தது. தனியார் பஸ் என்பதால் வசூல் இல்லாத தடத்தில் நிலைக்காது. பஸ் முதலாளிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நஷ்டத்தை அரசுதான் தாங்க வேண்டும். முதலில் தேவை மில் ஷிப்டு முடிந்த பிறகு ஓர் இரவு நடை. அது இல்லாததால்தான் பெண் பிள்ளைகள் மில் விடுதியில் தங்குகிறார்கள், இல்லையென்றால் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். தடத்தை நிறுத்தலாமா என்று டிப்போவில் பேசும்போது டீசல் செலவோடு இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.