எவ்வளவு தேய்க்கலாம்?



தளங்களைப் பற்றி வேதம் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் தளம் தேவதாரி மரப் பலகைகளால் அமைக்கப்பட்டதை 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். காலால் மிதிக்கப்படும் இடத்தையும் அவர்கள் கவனத்தோடு செய்தார்கள்.

நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் டொராண்டோவில், 1950-களில் கட்டப்பட்ட வீடுகள் ஏராளம். அவற்றில் பலவற்றின் பழைய கம்பளத்தைச் சுருட்டினால், அடியில் ஓக் பலகைத் தளம் வெளிப்படும். நம் வேதாகமத்தில் கர்வாலி என்று வருகிற மரம் அதுவே. கறையும் கீறலும் நாற்காலிக் கால்களின் தடமுமாய் அது காட்சியளிக்கும். உடனே ஒரு தேய்ப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, வார இறுதிக்குள் அதைப் புதிதாக்கிவிட வீட்டார் புறப்படுகிறார்கள்.

இந்த வேலையைப் பிரசங்க உவமையாகவும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். தேவன் தச்சர், துன்பம் உப்புத்தாள், நாம் பலகை. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உவமையை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம் என்பது என் கருத்து. விளைவாக, தேவனுடைய கையில் இருக்கவேண்டிய உப்புத்தாளை நாமே எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் புதிய விசுவாசிகளையும் தேய்க்கத் தொடங்குகிறோம். தேய்ப்பது அதிகமானால் பரிசுத்தமும் அதிகமாகும் என்று எண்ணுகிறோம். தளவேலை அறிந்தவர்கள் அப்படி எண்ணுவதில்லை.

முதலாவது, பலகையின் கனத்திற்கு எல்லை உண்டு. முக்கால் அங்குல ஓக் பலகையின் ஒரு விளிம்பில் நாக்கு போன்ற நீட்சி இருக்கும். அடுத்த பலகையின் காடிக்குள் அது நுழைந்து இரண்டையும் பிணைக்கும். அந்த நாக்கிற்கு மேலுள்ள ஏறக்குறைய கால் அங்குலமே தேய்ப்பதற்கு உரியது. ஒவ்வொரு முழுத் தேய்ப்பும் அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோகிறது. போனது திரும்புவதில்லை. எல்லை கடந்தால் ஆணித் தலைகள் வெளியே தெரியும். பலகைகளின் பிணைப்பே விட்டுப்போகும். மனித உள்ளத்திற்கும் இத்தகைய எல்லை உண்டு. வாலிபர் கூட்டத்தில் பலர் முன்னிலையில் உடைக்காகவும், மதிப்பெண்ணுக்காகவும், நட்புக்காகவும் திரும்பத் திரும்பக் கண்டிக்கப்படும் பிள்ளை வெளியே பணிவாகவே நிற்கும். ஆனால் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின் அது ஆராதனைக்குத் திரும்பாதபோது, உலகம் இழுத்துக்கொண்டது என்கிறோம். சபையோடு அதைப் பிணைத்திருந்த நாக்கை நாமே தேய்த்துவிட்டோமா என்று கேட்பதில்லை.

இரண்டாவது, தேய்ப்பதற்கு முன் சோதிக்கவேண்டும். தளத்தின்மேல் சில துளி நீர் விட்டுப் பார்ப்பார்கள். துளி முத்துப்போல் நின்றால் பழைய பூச்சு இன்னும் மரத்தைக் காக்கிறது. ஊறிக் கறுத்தால் பூச்சு அழிந்துவிட்டது. பூச்சு மங்கியிருக்கிறதே தவிர அழியவில்லை என்றால், மேலோட்டமாகத் தேய்த்துப் புதிய வார்னிஷ் பூசுவதே பெரும்பாலும் போதும். முழுத் தேய்ப்புத் தேவையானாலும், காரியத்தை முடிக்கக்கூடிய தாள்களில் மிக மென்மையானதை ஒரு மூலையில் முயன்று பார்ப்பதே நல்ல வேலைக்காரரின் வழக்கம். 60-ஆம் எண் தாள் போதுமானால் 36-ஆம் எண்ணின் கரடான தாளை அவர் எடுக்கமாட்டார். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்த ஒழுங்கும் இதுவே. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசவேண்டும், பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் சபை. நம்மிடையே பலமுறை சபையிலிருந்தே காரியம் தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது, இயந்திரம் ஓரிடத்தில் நிற்கலாகாது. உருளை சுழன்றுகொண்டிருக்கையில் கைபிடித்தவர் ஒரு கணம் நின்றுவிட்டால், அவ்விடத்தில் பள்ளம் விழுந்துவிடும். ஒரே குறையை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். குறை என்றோ நீங்கிவிட்டது. பள்ளம் மாத்திரம் நிற்கிறது.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். மரத்திற்குள் இறங்கிய கறையின்மேல் வார்னிஷ் பூசினால் கறை இன்னும் துலக்கமாகத் தெரியும். கொரிந்து சபையில் வெளிப்படையான பாவம் இருந்தபோது பவுல் கடுமையாகவே எழுதினார். ஆனால் இரண்டாம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், தண்டனை பெற்ற ஒருவனைக் குறித்து, பெற்றது போதும், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்துத் தேற்றுங்கள் என்ற கருத்தில் மன்றாடுகிறார். இருவரும் ஒரே மனிதரா என்பதில் வேத அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அப்போஸ்தலனுடைய இருதயம் எதுவென்பதில் ஐயமில்லை. தேய்த்து முடித்த தளம் வெறும் மரம். ஒரு துளி எண்ணெயும் ஒரு காலடியும் அதில் கறையாகிவிடும். ஆகையால் தூசியை நீக்கி, தாமதமின்றி இரண்டு மூன்று முறை பூச்சுக் கொடுக்கிறார்கள். கண்டித்தபின் அன்பினால் மூடாமல் விடப்பட்ட ஆத்துமா அந்த வெறும் மரத்தைப் போன்றது.

தவறிப்போனவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தும்படி கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் சொல்லுகிறார். அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'கத்தார்த்திசோ'. செபெதேயுவின் குமாரர் படவில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்ததைச் சொல்ல மத்தேயு 4-ஆம் அதிகாரம் வழங்கும் சொல்லும் அதுவே. வலையைப் பழுதுபார்ப்பவன் மறுநாள் அது கடலுக்குப் போகவேண்டும் என்பதை மறப்பதில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் ஒருவரைத் திருத்தவேண்டும் என்று உங்கள் உள்ளத்தில் இருந்தால், முதலில் அவரோடு அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். அதுவே உங்கள் நீர்த்துளிச் சோதனை. அதற்குப் பிறகும் தேய்க்கவேண்டியிருந்தால், பூசுவதற்கான அன்பு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஜெபம்: எங்கள் எல்லைகளை அறிந்த தேவனே, எங்களை அளவோடு சீர்ப்படுத்துகிறவரே, எங்கள் கைகளுக்கும் அந்த அளவைக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.