பிஸ்மார்க் வேணுமாம், பிஸ்மார்க்!

புனேயில் எங்கள் ஆபீஸ் கேண்டீனில் அரசியல் இல்லாமல் சப்பாத்தி தொண்டையில் இறங்காது. போன வாரம் பேச்சு நாடாளுமன்றத்தைப் பற்றி. நண்பர் ஒருவர் (தங்கமான மனுஷர், டிபன் பாக்ஸில் பாதியை எனக்குத் தள்ளிவிடுகிறவர்) முடிவாகச் சொன்னார்: "நமக்கு ஒரு பிஸ்மார்க் வேணும். சிதறிக் கிடந்த ஜெர்மனியை ஏழே வாரத்துல ஒட்டவச்ச ஆளு." சுற்றியிருந்த தலைகளெல்லாம் ஆடின. இந்தியில் சண்டை போட எனக்கு வாய் பத்தாது. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

நண்பர் சொன்ன ஏழு வாரம், 1866-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய போர். ஒட்டியதா அது? 1815-லிருந்து ஜெர்மன் அரசுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. உறுப்பு நாடு இன்னொரு உறுப்பு நாட்டுக்கு எதிராக யாரோடும் கூட்டு சேரக்கூடாது என்பது அதன் விதி. பிஸ்மார்க் என்ன செய்தார்? ஏப்ரல் 8 அன்று இத்தாலியோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார், சக ஜெர்மன்காரனை அடிக்க! ஜூன் 14 அன்று கூட்டமைப்பின் சபை பிரஷ்யாவுக்கு எதிராகப் படை திரட்ட ஓட்டு போட்டதும், கூட்டமைப்பே இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பவேரியா, சாக்சனி, ஹானோவர், வூர்ட்டம்பெர்க், பாடன் எல்லாம் ஆஸ்திரியா பக்கம். 'ஒற்றுமை நாயகர்' பக்கம் நின்றவை பெரும்பாலும் வடக்கே இருந்த குட்டி அரசுகள்தான்.

ஜூலை 3, கோனிக்கிரேட்ஸ். பிரஷ்யச் சிப்பாயின் ஊசித் துப்பாக்கியில் பின்பக்கமாகவே தோட்டா போடலாம், படுத்துக்கொண்டே சுடலாம். ஆஸ்திரியாக்காரன் குழல் வாய் வழியாக இடித்துத் திணிக்கணும். ஒரே நாளில் ஆஸ்திரியா தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று 40,000-க்கும் மேல். பிரஷ்யாவுக்குச் சுமார் 9,000. போர் நடந்தது செக் மண்ணில். அடுத்த வருஷம் ஆஸ்திரியா அரசாட்சியைப் பங்கு போட்டுக்கொண்டது ஹங்கேரியோடு. செக்குகளுக்குப் பட்டை நாமம்.

எனக்கு மனசு ஆறாதது பிராங்க்பர்ட் விஷயம். ராஜா இல்லாத சுதந்திர நகரம். பிரஷ்யப் படை எதிர்ப்பே இல்லாமல் நுழைந்தது. முதலில் கிட்டத்தட்ட 60 லட்சம் கில்டர் கறந்தார்கள். அப்புறம் இன்னும் 2.5 கோடி கேட்டார்கள். ஜூலை 24 அன்று மேயர் கார்ல் பெல்னர் தூக்கில் தொங்கினார். பிறகு அந்த 2.5 கோடியை வசூலிக்கவில்லை. ஊரையே எடுத்துக்கொண்டபின் அபராதம் எதற்கு? ஹானோவர், ஹெஸ்ஸெ-காஸல், நாஸாவ், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கதியும் அதே.

சரி, நண்பருக்குப் பிடிக்காத நாடாளுமன்றத்துக்கு வருவோம். ராணுவச் செலவுக்குப் பிரஷ்யச் சட்டசபை பணம் தர மறுத்ததால்தான் 1862-ல் பிஸ்மார்க் பதவிக்கே வந்தார். ராஜாவும் சபையும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று அரசியல் சட்டத்தில் இல்லையே, அப்படியானால் அரசாங்கம் பாட்டுக்கு நடக்கும் என்று சொல்லி, நாலு வருஷம் அனுமதி இல்லாமலே வரி வசூலித்தார். போரில் ஜெயித்ததும் 1866 செப்டம்பர் 3 அன்று அதே சபை, நடந்ததையெல்லாம் பின்தேதியிட்டு மன்னித்தது. ஆதரவு 230, எதிர்ப்பு 75. நேற்றுவரை அரசியல் சட்டம் பேசிய தாராளவாதிகளில் பாதிப்பேர் தனிக்கட்சி கட்டி அவர் பின்னால் போனார்கள். அந்த 75 பேர் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

நியாயமாகச் சொல்லணும்: ஆஸ்திரியாவின் நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட பிரஷ்யாவுக்கென்று எடுக்கவில்லை (வெனீஷியா இத்தாலிக்குப் போனது). தன் ராஜாவையும் தளபதிகளையும் மல்லுக்கட்டித் தடுத்தவர் பிஸ்மார்க்தான். 1867-ல் வட ஜெர்மனியில் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டும் கொடுத்தார். ஆனால் அந்த ஓட்டில் வந்த சபைக்கு அதிபர் பதில் சொல்லவேண்டியதில்லை. 1874-ல் ஏழு வருஷத்துக்கான ராணுவ பட்ஜெட்டை ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டார்கள். அதிபர் சபைக்குக் கட்டுப்பட்டவர் என்று சட்டம் மாறியது 1918 அக்டோபரில், முதல் உலகப்போரில் தோற்கப்போகிற நேரத்தில்!

நண்பர் சொன்ன ஒட்டுக்குப் பசை யார் காசு தெரியுமா? ஹானோவர் ராஜா ஐந்தாம் ஜார்ஜ், கண் தெரியாதவர். நாட்டைப் பிடுங்கிய பிறகு 1868-ல் அவர் சொத்தையும் முடக்கினார்கள். அதன் வட்டி, கணக்கு வழக்கில்லாமல் பத்திரிகைக்காரர்களை வளைக்கப் போனது. பவேரியா ராஜா இரண்டாம் லூட்விக்குக்கும் அதிலிருந்து ரகசியமாகப் பணம் போனது. பிரஷ்ய ராஜா பேரரசர் பட்டம் ஏற்கவேண்டும் என்று 1870 நவம்பரில் கடிதம் எழுதியவர் இந்த லூட்விக்தான். அந்தக் கடிதத்துக்கு நகல் எழுதிக் கொடுத்தவரும் பிஸ்மார்க்கே.