நின்றுகொண்டே கேட்டவர்கள்

பிரசங்கத்தின் வரலாறு என்று கையில் கிடைக்கிற புத்தகங்களைப் புரட்டினால், பேசியவர்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். ஓரிஜென், கிறிசோஸ்தோம், அகுஸ்தீன், லூத்தர், வெஸ்லி. எதிரே இருந்து கேட்டவர்களைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஏதாவது இருக்கும். வாரம் தவறாமல் பிரசங்கம் கேட்டே வயதானவன் நான். அதனாலோ என்னவோ, என் கண் அவர்கள் மேல்தான் போகிறது. பிரசங்கம் பண்ணும் முறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதை மாற்ற வைத்தவர்களில் பெரும்பங்கு தூங்கியவர்களும், மூலையில் நின்று அரட்டை அடித்தவர்களும், பாதியில் எழுந்து போனவர்களும், கால் வலித்தவர்களும்தான்.

கால் வலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கி.பி. 400ஐ ஒட்டிய காலம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் தெயோகிராத்தியாஸ் என்று ஓர் உதவிக்குரு இருந்தார். கிறிஸ்தவத்தை அறிய விரும்பிப் புதிதாக வருகிறவர்களை அவரிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று பெயர் வாங்கியவர். ஆனால் அவருக்குள் ஒரு சங்கடம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டது, தன் பேச்சு தனக்கே சப்பென்று இருக்கிறது, என்ன செய்ய என்று ஹிப்போ நகரத்து பிஷப்புக்கு எழுதிக் கேட்டார். அந்த பிஷப்தான் அகுஸ்தீன். மிலான் நகரத்தில் அரசாங்கச் சம்பளத்தில் சொற்கலை கற்பித்தவர். அங்கே பிஷப் அம்புரோஸின் பிரசங்கத்துக்கு முதலில் அவர் போனதே பேச்சு நடை எப்படி என்று பார்ப்பதற்காகத்தான். நடையை ரசிக்கப் போனவருக்குள் விஷயமும் சேர்ந்து இறங்கிவிட்டது.

தெயோகிராத்தியாஸுக்குப் பதிலாக அகுஸ்தீன் ஒரு சிறு நூலையே எழுதி அனுப்பினார். தம்முடைய பேச்சும் தமக்கு அநேகமாக எப்போதுமே திருப்தி தருவதில்லை என்றுதான் அதில் தொடங்குகிறார். மனதில் பளிச்சென்று தோன்றுவது நாக்குக்கு வந்து சேர்வதற்குள் மங்கிவிடுகிறது. அதற்காகக் கேட்கிறவர்களுக்கும் மங்கலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதே, திரும்பத் திரும்ப உன்னிடம்தானே ஆட்களை அழைத்து வருகிறார்கள் என்று தைரியம் சொல்கிறார். சலிப்புக்கு அவர் சொல்லும் மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. நாம் பலமுறை பார்த்துப் பழகிய ஒரு அழகான இடத்தை, அதைப் பார்த்தேயிராத ஒருவருக்குச் சுற்றிக் காட்டும்போது அவருடைய வியப்பு நமக்கும் தொற்றி அந்த இடம் புதிதாகிவிடுகிறது அல்லவா, எதிரே இருப்பவர் மேல் அன்பு வைத்தால் பழைய பாடமும் அப்படித்தான் புதிதாகும் என்கிறார்.

அதற்குப் பிறகு வருவதுதான் நாற்காலி. அந்தக் காலத்து ஆப்பிரிக்க ஆலயங்களில் பிரசங்கி உட்கார்ந்துகொண்டு பேசுவார், சபை நின்றுகொண்டு கேட்கும். நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை வாசித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசினார் என்று லூக்கா எழுதுகிறாரே, அதே வழக்கம். போதகருக்கு இருக்கை, மாணவருக்குத் தரை. அகுஸ்தீன் இந்த வழக்கத்தைக் கேட்கிறவரின் கால் பக்கத்திலிருந்து பார்க்கிறார். கேட்கிறவர் கொட்டாவி விடத் தொடங்கினால் அவர் மனம் கடினப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடாதே, நின்று நின்று களைத்திருக்கலாம். மகிழ்ச்சியாக ஏதாவது சொல், அல்லது ஆச்சரியப்படும்படியாக, துக்கப்படும்படியாக ஏதாவது சொல், ஒரு இருக்கை கொண்டு வந்து போடு. ஆரம்பத்திலேயே உட்கார வைத்திருந்தால் இன்னும் நல்லது என்கிறார். கடலுக்கு அப்பாலுள்ள சில சபைகளில் ஜனங்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள், அதுதான் சரி என்றும் எழுதுகிறார். தமக்கு இது எப்படித் தெரிய வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஒரு நாட்டுப்புறத்து மனிதருக்கு அவர் போதித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாராம். அந்தக் கிராமத்தார் பெயர் யாருக்கும் தெரியாது. மேற்கத்தியத் திருச்சபையின் மிகப் பெரிய பிரசங்கிக்குப் பாடம் எடுத்தவர் அவர்.

நம் இறையியல் கல்லூரிகளில் பிரசங்கக் கலை படிக்கிறவர்களின் கையில் முதல் வாரத்திலேயே இந்த நூலைக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வசனத்தை எப்படிப் பகுப்பது, முகவுரை எத்தனை நிமிடம், உதாரணம் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம். எதிரே நிற்கிறவரின் கொட்டாவியில் அவரைக் குற்றவாளியாகப் பார்க்காத கண் முதலில் வேண்டும்.

ஹிப்போ இன்று அல்ஜீரியாவின் அன்னாபா. அங்கே அகுஸ்தீன் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. வேதபாடத்தைத் தியானித்துவிட்டு வந்து, முகங்களைப் பார்த்துப் பேசினார். சுருக்கெழுத்தர்கள் எழுதிக்கொண்டார்கள். நமக்குக் கிடைத்திருக்கிற நூற்றுக்கணக்கான பிரசங்கங்களில் பெரும்பாலானவை அவர்கள் கை எழுதியவைதான். அதனால் அந்தக் கூட்டத்தின் மூச்சும் அவற்றில் கேட்கிறது. பழக்கமான வசனம் ஒன்றை அவர் தொடங்கினால் ஜனங்கள் மீதியைச் சத்தமாகச் சொல்லி முடிப்பார்கள். ஒருமுறை ஒரு சிறிய சங்கீதத்தை வாசிக்கும்படி சொல்லியிருந்தார்; வாசிக்கிறவர் தடுமாறி வேறொரு நீண்ட சங்கீதத்தை வாசித்துவிட்டார். தயாரித்து வந்ததை விட்டுவிட்டு, வாசிக்கப்பட்ட சங்கீதத்தின் மேலேயே அன்று பிரசங்கித்தார் அகுஸ்தீன். இன்றைக்கு அப்படி ஒரு தவறு நடந்தால் வாசித்தவர் பாடு என்னவாகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் ஜனங்களின் ஆரவாரம் அவரை மயக்கவில்லை. 418ஆம் ஆண்டு மௌரித்தானியாவின் செசரியா நகரத்துக்குப் போயிருந்தார். அந்த ஊரில் ஒரு கொடிய வழக்கம். வருடத்தில் குறிப்பிட்ட காலத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து, அப்பன் பிள்ளை, அண்ணன் தம்பி என்றுகூடப் பார்க்காமல் நாள்கணக்கில் கல்லால் அடித்துக்கொள்வார்கள். ஆள் சாவதும் உண்டு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நடப்பது. அகுஸ்தீன் அதை நிறுத்தும்படி பேசினார். கூட்டம் பாராட்டிக் குரல் எழுப்பியது. சொன்னது புரிந்திருக்கிறது, ரசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரிந்தது. நிறுத்தாமல் பேசினார். கடைசியில் அவர்கள் கண்ணில் நீரைக் கண்ட பிறகே தம் வார்த்தை வேலை செய்தது என்று நம்பி, பேச்சை முடித்துக் கடவுளுக்கு நன்றி செலுத்தும்படி அவர்களைத் திருப்பினார். எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சண்டை திரும்ப நடக்கவில்லை என்று, பிரசங்க முறையைப் பற்றிய தம் பெரிய நூலின் நான்காம் பாகத்தில், 426ஐ ஒட்டி எழுதுகிறார். போதிக்க வேண்டும், மகிழ்விக்க வேண்டும், அசைக்க வேண்டும் என்று சிசரோ வகுத்த மூன்றையும் ஆலயத்துக்குள் கொண்டு வந்த நூல் அது. எனக்கு அந்த விதிகளைவிட, கைதட்டலில் நின்றுவிடாத அந்த ஒரு நாள்தான் பெரிதாகத் தெரிகிறது.

கைதட்டல் கிழக்கிலும் இருந்தது. அந்தியோக்கியாவில் 387ஆம் ஆண்டு புதிய வரிக்கு எதிராகக் கலகம் மூண்டு, பேரரசன் தியோதோசியுஸ் குடும்பத்தின் சிலைகளை ஜனங்கள் கீழே தள்ளிவிட்டார்கள். ஊரே கொலை பயத்தில் கிடந்தது. வயதான பிஷப் பிளாவியான் மன்னிப்புக் கேட்கக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட்டுப் போக, லெந்து நாட்களில் மீண்டும் மீண்டும் மக்கள் முன் எழுந்து பேசித் தேற்றியவர் யோவான் கிறிசோஸ்தோம். அவருடைய பிரசங்கங்களில் கூட்டத்தைப் பற்றிய குறிப்புகள் அள்ள அள்ளக் கிடைக்கின்றன. மாலையில் விளக்கேற்ற வருகிறவன் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியதைக் கண்டித்திருக்கிறார். நெரிசலில் முடிச்சவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள், பண முடிப்புடன் வராதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார். பிற்பாடு ஒருமுறை, இனி ஆலயத்தில் யாரும் கைதட்டக் கூடாது என்று சட்டமே போடலாம் என்றார், அதற்கும் கைதட்டினார்கள்.

கிறிசோஸ்தோமுக்கும் முன்னே, மூன்றாம் நூற்றாண்டில், பாலஸ்தீனத்தில் இருந்த இன்னொரு செசரியாவில் ஓரிஜெனுக்கு வேறு கவலை. அதிகாரம் அதிகாரமாக வேதத்தை விளக்கியவர் அவர். பண்டிகைக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்களையும், வாசிப்பு நடக்கும்போது மூலையில் நின்று கதை பேசுகிறவர்களையும் நினைத்து வருந்தினார். ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகரத்து பிஷப் செசாரியுஸ் ஒரு படி மேலே போய், சுவிசேஷம் வாசித்ததும் ஜனங்கள் நழுவிவிடாதபடி ஆலயக் கதவுகளை அடைத்துவிடுவாராம். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கதவை அடைத்துப் பேசுகிற பேச்சு, அந்த நாட்டுப்புறத்தார் எழுந்து போனதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது. ஆனாலும் செசாரியுஸ் எளிய மக்களுக்குப் புரிகிற லத்தீனில் பேசியவர் என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச காலத்தில் அந்த லத்தீனும் புரியாமல் போயிற்று. 813இல் தூர் நகரத்தில் கூடிய ஆயர் மன்றம், பிரசங்கங்களை நாட்டு மக்களின் பேச்சுமொழியில், புரியும்படி சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இன்று நம் ஆலயங்களில் கேட்கிற மூன்று தலைப்புப் பிரசங்கத்துக்கு வேர் அதற்குப் பிறகு, பல்கலைக்கழகங்களும் பிரசங்கிகளுக்கென்றே டொமினிக் தொடங்கிய சபையும் வளர்ந்த காலத்தில் இருக்கிறது. ஒரு வசனத்தை எடுத்து, அதை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் விரித்துச் செல்லும் முறைக்குப் பாடநூல்களே வந்தன. 1322இல் அப்படி ஒன்றை எழுதிய ராபர்ட் என்கிற ஆங்கிலேயர், ஏன் மூன்று என்று ஆராய்கிறார். திரித்துவத்தைக் காரணம் காட்டுவார்கள், வேதத்தில் வரும் முப்புரி நூலைக் காட்டுவார்கள்; மூன்றுக்கு மேல் போனால் கேட்கிறவர் களைத்துவிடுவார், குறைத்தால் நேரம் நிரம்பாது என்பதே பொருத்தமான காரணம் என்று அவருக்குத் தோன்றுகிறது. இங்கேயும் கணக்குப் போட வைத்தது கேட்கிறவரின் பொறுமைதான்.

இத்தாலியின் சியன்னா நகரத்தில் 1427ஆம் ஆண்டு பெர்னார்தீனோ என்கிற பிரான்சிஸ்கன் துறவி ஊர்ச் சதுக்கத்தில் விடியற்காலைகளில் பிரசங்கித்தார். துணி வெட்டிச் சீராக்கும் தொழிலாளி ஒருவர் மெழுகுப் பலகையோடு வந்து நின்று, ஒரு சொல் விடாமல் கீறிக்கொண்டு போய், கடையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார். நாற்பத்தைந்து பிரசங்கங்கள். தூங்குகிற பெண்களைப் பெர்னார்தீனோ தட்டி எழுப்புவது உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. கேட்டவர் ஒருவரே எழுதி வைத்த இப்படி ஒரு பதிவு வரலாற்றில் அபூர்வம்.

கேட்கிறவர்களுக்கு ஏற்ப முறை மாறியது நம் பக்கத்திலும் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவிசேஷத்தைக் காலட்சேபமாகச் சொன்னார். பாட்டும் கதையுமாகக் கேட்டுப் பழகிய தஞ்சாவூர்க் காதுகள் அவர் எதிரே இருந்தன.

பிரசங்கம் நன்றாக இருந்தால் நம் பக்கத்தில் சொல்வார்கள்: "எனக்குன்னே பேசின மாதிரி இருந்துச்சு." எந்தப் பிரசங்கிக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இன்று நிறையப் பேர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். வீட்டை விட்டு நகர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஊழியம் வேண்டும். ஆனால் கேமரா கொட்டாவி விடாது, எழுந்து போகாது, அழாது. ஆலயத்துக்குள்ளேயே ஒலிபெருக்கியின் சத்தத்தில், பின்வரிசையில் ஒருவர் முகம் வாடியது மேடைக்குத் தெரிவதில்லை. ஆமென் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்குகிற ஆமென், அந்த முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மௌரித்தானியாவின் செசரியாவில் கைதட்டலையே நம்பாமல் காத்திருந்த அகுஸ்தீனை நம் இளம் குருமார் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

அந்த அகுஸ்தீனும் ஒருநாள் தவறினார். 1990இல் பிரான்சுவா தோல்போ என்கிற அறிஞர் ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்தில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் அகுஸ்தீனின் இருபத்தாறு பிரசங்கங்களைக் கண்டெடுத்தார். அதில் ஒன்று கீழ்ப்படிதலைப் பற்றியது. அது ஏன் பேசப்பட்டது என்பது அதிலேயே தெரிகிறது. கார்த்தேஜில் தியாகி வின்சென்ட்டின் திருநாள். ஆலயத்தில் பெரும் நெரிசல். அவர் ஆலயத்தின் நடுவே வந்து பேச வேண்டும், அப்போதுதான் கேட்கும் என்று கூட்டம் சத்தம் போட்டது. தயங்கிய அகுஸ்தீன் திரும்பிப் போய்த் தம் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். கூச்சல் இன்னும் அதிகமாயிற்று. அன்று பிரசங்கம் நடக்கவில்லை. மறுநாள் அவர் பேசியதுதான் இந்தக் கீழ்ப்படிதல் பிரசங்கம். அவர் மேல் எனக்குள்ள அன்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் கூட்டத்தின் பக்கம்தான். பின்னால் நின்றவர்களுக்குக் காதில் விழவில்லை. அவர் இறங்கிப் போயிருக்க வேண்டும்.